விழுந்த பல்லுக்கும் உயிர் இருக்கு, இதை ஏன் எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பியின் பல்லைக் கொன்றதில் எனக்கும் பங்கு இருக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தது நான்தான்.

அவனுக்கு அப்போது 12 வயது. பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தபோது முகத்தில் பந்து பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தது. பொறுப்பாக நின்ற சேர் பதறிப்போய் இரத்தத்தை நிப்பாட்டுவதிலேயே கவனமாக இருந்தார். விழுந்த பல்லை ஒரு பெடியன் எடுத்து, ரிசுவில் சுற்றி, தம்பியின் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். அவன் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. அம்மா ஒட்டோ பிடிக்க ஓடிய இடைவெளியில் நான் ரிசுவைப் பிரித்துப் பார்த்தேன். மண்ணும் இரத்தமும் ஒட்டியிருந்தன. வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு மாதிரி ஏதோ பிய்ந்து கிடந்தது. ஊத்தை என்று நினைத்தேன். பைப்பைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு, பழைய பற்தூரிகையால் வெள்ளை வெளேரென்று வரும்வரை தேய்த்தேன். எல்லாரும் அழுதுகொண்டு நிற்க நான் ஒருத்தி மட்டும் உருப்படியான வேலை செய்கிறேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் பல் வைத்தியர் பல்லை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "பாலுக்குள்ள போட்டுக் கொண்டு வரேல்லையோ?"

பாலா? பல்லுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமான விசயம் ஒன்று உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எனக்கு ஏ கிடைத்திருந்தது. கலம் என்றால் என்ன, பிரசாரணம் என்றால் என்ன என்று கேட்டால் படத்தோடு வரைந்து காட்டியிருப்பேன். நான் கையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தது அதே பாடம்தான் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சவ்வு என்ன என்பதை இப்போது சொல்கிறேன்.

பல் தாடை என்புக்குள் சிமெந்து போட்டு இறுக்கின கட்டை இல்லை. வேருக்கும் என்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஓர் இழையம் இருக்கிறது. நுண்ணிய நார்களால் பல்லை என்புக்குழிக்குள் தொங்கவிட்டு வைத்திருப்பது அதுதான். நாங்கள் கச்சான் கடிக்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்குவதும் அதுதான். பல் அடிபட்டுக் கழன்றால் இந்த இழையம் நடுவில் கிழிகிறது. பாதி குழியில் நிற்கிறது, பாதி வேரோடு வருகிறது. வேரோடு வந்த பாதியில் உள்ள கலங்கள் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். அவை சாகமுன் பல்லைத் திரும்பக் குழியில் வைத்தால் கிழிந்த இரண்டு பக்கமும் மீண்டும் பொருந்தி ஆறக்கூடும்.

அந்தக் கலங்கள் செத்தால் என்ன நடக்கும்? வைத்தியர் பல்லைத் திருப்பி வைத்துக் கட்டினாலும், உடம்பு அதைப் பல் என்று நடத்தாது. என்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் கலங்கள் வேரையும் என்பு மாதிரியே கரைக்கத் தொடங்கும். கரைத்த இடத்தில் என்பு வளரும். பல் தாடையோடு ஒட்டிப்போகும். வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒட்டின பல் பல வருடம் நிற்கலாம். வளரும் பிள்ளைக்கு வேறு கதை. தாடை வளரும், பக்கத்துப் பற்கள் அதனோடு சேர்ந்து கீழே இறங்கும், ஒட்டின பல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். தம்பிக்கு இப்போது 17 வயது. அந்தப் பல் மற்றப் பல்லுகளை விடக் கட்டையாக, உள்ளே ஒளித்துக்கொண்ட மாதிரித் தெரிகிறது. ஒரு வருடத்துக்குப் பிறகு கிளினிக்கில் வைத்தியர் கருவியின் பிடியால் தட்டிப் பார்த்தபோது மற்றப் பற்கள் ஒரு சத்தமும் அது உலோகத்தில் தட்டின மாதிரி வேறு சத்தமும் தந்தன. அவன் போட்டோவுக்கு வாயைத் திறந்து சிரிப்பதை விட்டு வருசக் கணக்காகிறது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. டென்மார்க்கில் அன்ட்ரியாசனும் அவரோடு வேலை செய்தவரும் 1966 இல், விபத்தில் விழுந்து திருப்பி வைக்கப்பட்ட 110 பற்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அரை மணித்தியாலத்துக்குள் திருப்பி வைத்தவற்றில் 90 வீதமானவற்றில் வேர் கரையவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் கிடந்தவற்றில் 95 வீதமானவற்றில் கரைந்தது. பல் அதே பல்தான், வாயும் அதே வாய்தான். நடுவில் போன நேரமும், அந்த நேரத்தில் பல் கிடந்த இடமும்தான் முடிவைத் தீர்மானித்தன.

உடனே திருப்பி வைக்க முடியாவிட்டால் பல்லை எதற்குள் வைப்பது என்பது அடுத்த கேள்வி. இதற்காக உலகமெங்கும் ஆய்வுகூடங்களில், வேறு தேவைக்காகப் பிடுங்கிய நல்ல பற்களை வெவ்வேறு திரவங்களில் போட்டுவைத்து, வேரில் எத்தனை கலங்கள் உயிரோடு மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நீலச் சாயத்தை விடுவார்கள். செத்த கலம் சாயத்தை உறிஞ்சி நீலமாகும், உயிருள்ள கலம் சாயத்தை உள்ளே விடாது. 1980களின் தொடக்கத்தில் சுவீடனில் புளோம்லோஃப் குழுவினர் செய்த ஆய்வுகள் சாதாரணப் பாலை முன்னுக்குக் கொண்டுவந்தன. பாலின் உப்புச் செறிவு எங்கள் உடம்புக் கலங்களின் செறிவுக்குக் கிட்டவாக இருக்கிறது. அது பெரிதாக அமிலமும் இல்லை. பாச்சர் முறையில் சூடாக்கின பாலில் கிருமியும் குறைவு. அதனால் பாலுக்குள் போட்ட பல்லில் கலங்கள் சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த பால் இன்னும் நல்லது, ஏனென்றால் குளிரில் கலத்தின் வேலைகள் மெதுவாகும், அது தேய்ந்து முடிவதும் மெதுவாகும். கடையில் வெளியில் அடுக்கியிருக்கும் நீண்டநாள் பக்கற் பாலும் இதற்கு உதவும் என்று 2000 ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது.

தண்ணீர்? தண்ணீரின் செறிவு கலத்தின் செறிவை விட மிகக் குறைவு. தண்ணீர் கலத்துக்குள் புகும், கலம் வீங்கும், வெடிக்கும். பிரசாரணம். நான் ஏ எடுத்த அதே பாடம். ரிசுவில் சுற்றி வைப்பது அதைவிட மோசம், கலம் காய்ந்து போகும். உலர்ந்து கிடந்தால் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே பெரும்பாலான கலங்கள் முடிந்துவிடும். ஆகவே தம்பியின் பல்லில் ரிசுவும் கொம்பாஸ் பெட்டியும் பெரும்பங்கை முடித்துவிட்டன, மிச்சம் ஏதும் இருந்திருந்தால் அதைச் சவர்க்காரம் போட்டு நான் முடித்தேன். காய்ந்து செத்த கலத்தைப் பாலால் எழுப்ப முடியாது. அதனால்தான் இது ஆஸ்பத்திரி வாசலில் தெரியவேண்டிய விசயம் இல்லை, மைதானத்தில் தெரியவேண்டிய விசயம்.

இனித்தான் சண்டைக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொன்னால் மூன்று விதமான பதில் வரும். மூன்றும் எனக்குப் பழகிப்போச்சு.

முதலாவது: "அது டொக்டர்மாற்ற வேலை. நீ ஆர்ட்ஸ், உனக்கெதுக்கு இது?" இதைச் சொன்னவர்களில் என் மட்டத்து மருத்துவபீட நண்பர்களும் அடக்கம். நான் கேட்கிறேன், பல் விழுந்த முதல் அரை மணித்தியாலத்தில் எந்த மைதானத்தில் எந்த டொக்டர் நிற்கிறார்? வைத்தியரின் கைக்குப் பல் போகுமுன்பே அதன் தலைவிதியில் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுவது பக்கத்தில் நிற்கும் பெடியன், உடற்கல்வி சேர், ஒட்டோக்கார அண்ணா, வீட்டில் நிற்கும் அக்கா. இவர்களுக்குத் தெரியாத அறிவு வைத்தியரிடம் எவ்வளவு இருந்தும் அந்தப் பல்லுக்குப் பிரயோசனம் இல்லை. உயர்தரத்தில் பிரிவு பிரித்த நாளிலிருந்து கலம் அவர்களுடையது, கவிதை எங்களுடையது என்று பங்கு போட்டுக்கொண்டோம். கலைப்பீடத்தில் இருக்கும் எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது, விஞ்ஞானம் விளங்காது என்று சொல்வதை ஒரு பெருமையாகவே வைத்திருக்கிறோம். அந்தப் பெருமைக்கு என் வீட்டில் ஒரு பல் விலை.

இரண்டாவது: "நாட்டில மருந்தே இல்லாமல் சனம் அலைஞ்சது, நீங்கள் ஒரு பல்லுக்கு அழுறீங்கள்." இது கொஞ்சம் கனமான பதில், தட்டிக்கழிக்க மாட்டேன். 2022 இல் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாட்டை நாங்கள் எல்லோரும் கண்டோம். பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு இது. ஆனால் அதனால்தான் இந்தக் கதை முக்கியம் என்கிறேன். மருந்து இல்லை, கருவி இல்லை, காசு இல்லை என்றால் எங்களால் செய்ய ஒன்றும் இல்லாமல் போகலாம். இங்கே தேவைப்படுவது கருவி இல்லை, ஒரு கோப்பை பால். பால் இல்லாட்டி பிள்ளையின் சொந்த எச்சிலை ஒரு கோப்பைக்குள் துப்பச் சொல்லி அதற்குள் பல்லைப் போடலாம். அதற்கும் காசு வேண்டாம். ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகிற மருத்துவம் இது. கட்டுப்படியாகிற ஒன்றையே சொல்லிக்கொடுக்காத நாங்கள் கட்டுப்படியாகாததைப் பற்றி மட்டும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் எப்படி? "ஒரு பல்லுத்தானே" என்பவர்கள் 17 வயதுப் பெடியன் ஒருவனைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். செயற்கைப் பல் வைக்க என்ன செலவு என்றும், தாடை வளர்ந்து முடியுமட்டும் ஏன் நிரந்தரமாக வைக்க முடியாது என்றும் எந்தப் பல் வைத்தியரையாவது கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பதில் புதுசு. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சொன்னது: "இப்ப பல் வங்கி எல்லாம் இருக்கு. பிள்ளையளின்ர பாற்பல்லைக் குடுத்து வைக்கலாம்." உண்மைதான், இருக்கிறது. 2003 இல் அமெரிக்காவில் சொங்தாவோ ஷி என்ற விஞ்ஞானியின் குழு, விழுந்த பாற்பல்லின் உள்ளே ஸ்டெம் செல் எனப்படும் மூலக்கலங்கள் இருப்பதைக் காட்டியது. அவர் முதலில் பார்த்தது தன் மகளின் பல்லைத்தான். அதற்குப் பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளில், காசு கட்டினால் பாற்பல்லின் கலங்களைத் திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியசில் வைத்திருக்கும் கம்பனிகள் முளைத்தன. ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழி. பிடுங்கிய முழுப் பல்லையும் வேரில் உள்ள கலங்களோடு சேர்த்து, மெல்லிய காந்தப்புலத்துக்குள் உறையவைத்து, பிறகொரு நாள் அதே ஆளுக்கு நடலாம் என்று பாதுகாக்கிறார்கள். உறையவைப்பது லேசான வேலை இல்லை. சும்மா பிறிட்ஜின் மேல்தட்டில் போட்டால் கலத்துக்குள் பனிப்பளிங்கு உண்டாகி அது கிழிந்து சாகும். அதனால்தான் விசேட திரவம், மெதுவான குளிரூட்டல் எல்லாம் தேவைப்படுகின்றன.

இந்த ஆய்வுகளை நான் குறை சொல்லவில்லை, வாசிக்க வாசிக்க எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் விற்பனையை ஆராய்ச்சியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பாற்பல் வங்கிகள் பெற்றோருக்கு விற்பது நாளைக்கு வரலாம் என்ற நோய்தீர்க்கும் நம்பிக்கையை. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வு நிலையில் நிற்பவை. இன்றைக்கு, இந்தப் பின்னேரம், ஒரு மைதானத்தில் விழப்போகும் பல்லைக் காப்பாற்றும் அறிவு அரை நூற்றாண்டாகச் சும்மா கிடக்கிறது. அதை விற்க ஆளில்லை. ஏனென்றால் விற்க அதில் ஒன்றும் இல்லை. பால் கடையில் இருக்கிறது. லாபம் வராத அறிவுக்கு விளம்பரம் யாரும் போட மாட்டார்கள். அந்த இடத்தில்தான் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் எங்களைப் போன்ற எழுதுகிற ஆக்களும் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் ஒரு நண்பன் வட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டினான்: பாலை விட இளநீர்தான் சிறந்தது, எங்கட முன்னோருக்கு அப்பவே தெரியும் என்று. இளநீரை ஆராய்ந்தது முன்னோர் இல்லை. 2008 இல் சென்னையில் ஒரு குழு, பாலை விட இளநீரில் வேர்க்கலங்கள் கூடுதலாக உயிரோடு மிஞ்சின என்று வெளியிட்டது. அடுத்த வருடமே பிரேசிலில் செய்த ஆய்வில் பால்தான் நன்றாக நின்றது, இளநீர் பின்தங்கியது. இளநீரில் அமிலத்தன்மை கூட என்பது அதற்குச் சொல்லக்கூடிய காரணம். எங்கள் தென்னை வெல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் கலத்துக்கு ஊர்ப்பற்றுக் கிடையாது. இரண்டு முடிவும் ஒத்துப்போகும்வரை பாலை முன்னுக்கு வையுங்கள்.

சின்ன வயதில் பாற்பல் விழுந்தால் கூரைக்கு மேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்டோம். அது அழகான பழக்கம், அப்படியே இருக்கட்டும். பாற்பல் அடிபட்டு விழுந்தாலும் அதைத் திருப்பி வைக்கக் கூடாது, கீழே வளரும் பல் பழுதாகும். ஆனால் ஆறேழு வயதுக்குப் பிறகு முளைக்கும் முன்பல்லுக்கு மாற்றுப் பல் எந்த அணிலிடமும் இல்லை.

ஆகவே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரந்தரப் பல் விழுந்தால்:

பல்லைத் தேடி எடுங்கள். வெளியில் தெரியும் வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள்.

மண் இருந்தால் பாலிலோ சேலைனிலோ பிள்ளையின் எச்சிலிலோ ஒருமுறை மெதுவாக அலசுங்கள். தேய்க்க வேண்டாம், சவர்க்காரம் வேண்டவே வேண்டாம்.

பிள்ளை சுயநினைவோடு இருந்தால் பல்லை அதே குழிக்குள் சரியான பக்கம் பார்த்து வைத்து, ஒரு லேஞ்சியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது.

வைக்கப் பயமென்றால் உடனே பாலுக்குள் போடுங்கள், குளிர்ந்த பாலென்றால் நல்லம். பால் இல்லாட்டி கோப்பைக்குள் துப்பிய எச்சில், அதுவும் சரிவராட்டி சேலைன். பல்லை நேராக ஐசுக்குள் வைக்க வேண்டாம். ஒன்றுமே இல்லையென்றால் தண்ணீர், காய விடுவதை விட அது பரவாயில்லை.

உடனே பல் வைத்தியரிடம் போங்கள். ஏற்பு ஊசி போட்ட விபரத்தையும் கேட்பார்கள்.

இவ்வளவுதான். ஒரு A4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியின் மூடியில் இதை ஒட்ட எந்தச் சுற்றறிக்கையும் வரத் தேவையில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானத்திலும், ஊரில் சுற்றுப்போட்டி வைக்கும் கழகத்தின் கொட்டிலிலும் சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பக்கற் பால் வைக்க எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சியில் பத்து நிமிசம் இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் உரிமை. விஞ்ஞானப் பாடத்தில் பிரசாரணத்துக்கு உருளைக்கிழங்கை வெட்டும் ஆசிரியர், விழுந்த பல்லை ஏன் தண்ணீரில் போடக் கூடாது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்த வகுப்பில் ஒருத்தியாவது பின்னொரு நாள் சவர்க்காரத்தைக் கீழே வைப்பாள்.

இந்தக் கட்டுரையை வெளியிடமுன் தம்பியிடம் கேட்டேன், எழுதலாமோ என்று. "அக்கா, பெயரைப் போடாதேங்கோ" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அந்தப் பால் விசயத்தை மட்டும் பெரிய எழுத்தில போடுங்கோ" என்றான்.

இந்தப் பக்கத்தில் எழுத்தைப் பெருப்பிக்க எனக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு இதை அச்சடித்துக் கொண்டுபோகும்போது பெரிசாகப் போடுங்கள்.